கரண்டைப் பார்த்துப் பெடல் வாங்குங்கள்

திசையன்விளையிலும் சுற்றுவட்டாரத்திலும் பேஸ் கிட்டார் வாசிக்கிறவருக்கு வேலை இரண்டு இடங்களில் கிடைக்கும். ஒன்று ஆலயம். ஞாயிறு ஆராதனை, அசன விழா, டிசம்பர் மாதக் கேரல் பவனி, நற்செய்திக் கூட்டம் என்று வருடம் முழுக்க ஓடும். இன்னொன்று மெல்லிசைக் கச்சேரி: கோயில் கொடை, கல்யாணம், ஊர்ப் பொங்கல் விழா. இரண்டிலும் பேஸுக்கென்று தனி ஆம்ப் இருப்பது அபூர்வம். கிட்டாரிலிருந்து புறப்படும் வயர் நேரே மைக் செட்காரரின் மிக்ஸரில் போய் ஏறும். கரண்டோ பந்தலுக்குப் பின்னால் நிற்கும் ஜெனரேட்டரிலிருந்து வரும். இல்லையென்றால் பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாக இழுத்த வயரில் வரும். நாம் பார்க்கும் வெளிநாட்டுப் பெடல் வீடியோக்கள், நல்ல எர்த் உள்ள அறையில், நல்ல ஆம்ப் வழியாக எடுத்தவை. அங்கே இனிமையாகக் கேட்ட பெடல் இங்கே வந்து உறுமினால், குற்றம் பெரும்பாலும் பெடலில் இருக்காது. அதனால் இந்த அத்தியாயத்தைக் கரண்டிலிருந்தே தொடங்குகிறேன்.

பேஸுக்கு மட்டும் ஏன் இந்தத் தொல்லை

நம் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பேஸின் தடித்த ஈ கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டை அழுத்தினால் வரும் ஜி ஸ்வரம் 49 ஹெர்ட்ஸ். அடாப்டருக்குள் ஏசி டிசியாக மாறிய பிறகு வடிகட்டப்படாமல் மிஞ்சும் சிற்றலை 100 ஹெர்ட்ஸ். அழுத்தாமல் மீட்டிய ஜி கம்பி 98 ஹெர்ட்ஸ். அதாவது நம் ஊர் மின்சார இரைச்சல், கொஞ்சம் சுருதி ஏறிய ஒரு ஜி. ஜி-யில் நின்று பிடிக்க வேண்டிய பாட்டில், உங்கள் ஸ்வரமும் இரைச்சலும் மோதி நொடிக்கு ஒன்றிரண்டு தடவை ஏறி இறங்கும் அலையாட்டம் கேட்கும். கிட்டார் சுருதி விலகிவிட்டதோ என்று டியூனரைப் பார்த்தால், டியூனர் சரியாகவே காட்டும்.

பாடகருக்கோ லீட் கிட்டாருக்கோ இந்த இரைச்சல் வந்தால், மைக் செட்காரர் மிக்ஸரில் லோ கட் பட்டனை அமுக்குவார், முடிந்தது. லீட் கிட்டாரின் மிகத் தாழ்ந்த ஸ்வரமே 82 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே வெட்டினால் அவருக்கு நஷ்டம் இல்லை. பேஸின் ஈ கம்பியோ 41 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது, ஐந்து கம்பி பேஸில் பி கம்பி 31 ஹெர்ட்ஸில். இரைச்சலை வெட்டும் அதே பட்டன் பேஸையும் சேர்த்து வெட்டிவிடும். வந்த பிறகு விரட்ட வழியில்லாத இரைச்சல் இது. வராமல் தடுக்கத்தான் முடியும். மொத்தப் பணத்தையும் பெடலில் போட்டுவிட்டு மிச்சச் சில்லறைக்கு ஒரு அடாப்டர் வாங்காதீர்கள் என்று இந்த நூலில் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

அடாப்டரில் எழுதியிருப்பதைப் படிப்பது

பெரும்பாலான பெடல்கள் கேட்பது 9 வோல்ட் டிசி. பின்னின் வெளிக்குழல் 5.5 மில்லிமீட்டர், உள்துளை 2.1 மில்லிமீட்டர், நடுமுனை நெகட்டிவ். ஜப்பானின் பாஸ் நிறுவனப் பெடல்கள் உலகெங்கும் பரவியதில் இந்த அமைப்பே பொதுவழக்கமாகிவிட்டது. தொல்லை என்னவென்றால், வீட்டில் நாம் பயன்படுத்தும் மற்ற சாமான்களில் பெரும்பாலானவற்றுக்கு நடுமுனை பாசிட்டிவ். வைஃபை ரவுட்டர், செட்டாப் பாக்ஸ், சிசிடிவி கேமரா எல்லாம் பெரும்பாலும் 12 வோல்ட், நடுமுனை பாசிட்டிவ். பின் மட்டும் அச்சு அசல் பெடலில் பொருந்தும். குழுவில் கீபோர்டு வாசிப்பவரின் யமஹா அடாப்டரும் அதே கதைதான். மேடையில் அவசரத்துக்கு ஒருவர் அடாப்டரை இன்னொருவர் எடுத்துச் சொருகுவது நம் குழுக்களில் சகஜம். உங்கள் அடாப்டரின் பின்னுக்குப் பக்கத்தில் சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒன்றைச் சுற்றி வையுங்கள். அடாப்டரின் முதுகில் ஒரு வட்டமும் நடுவில் ஒரு புள்ளியும் வரைந்திருப்பார்கள். நடுப்புள்ளியிலிருந்து போகும் கோடு கழித்தல் குறியில் முடிந்தால் அது பெடலுக்கு ஆகும்.

வோல்ட் சரியாக இருக்க வேண்டும். கூடினால் பெடல் போய்விடும். 18 வோல்ட் வரை தாங்கும் சில பெடல்கள் உண்டு, ஆனால் அதை அந்தப் பெடலின் கையேடு சொல்ல வேண்டும். மில்லி ஆம்பியர் கணக்கு வேறு மாதிரி. அடாப்டர் கொடுக்கக்கூடியது பெடல் கேட்பதைவிடக் கூடுதலாக இருந்தால் ஒரு கெடுதலும் இல்லை, பெடல் தனக்கு வேண்டியதை மட்டுமே எடுத்துக்கொள்ளும். குறைவாக இருந்தால்தான் சத்தம் நசுங்கும், டிஜிட்டல் பெடல் நடுப்பாட்டில் அணைந்து எரியும். சாதாரண அனலாக் பெடல் ஒன்று 5 முதல் 30 மில்லி ஆம்பியர் கேட்கும். டிஜிட்டல் பெடல் 100 முதல் 300 வரை போகும். லைன் 6 நிறுவனத்தின் ஹெச்எக்ஸ் ஸ்டாம்ப் போன்ற சின்னக் கம்ப்யூட்டருக்கு 3 ஆம்பியர் அடாப்டரையே நிறுவனம் தருகிறது. உங்கள் பெடல்கள் கேட்பதைக் கூட்டி, அதற்கு மேல் கால் பங்கு சேர்த்து வாங்குங்கள்.

பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகை மலிவு அடாப்டர்களை ஒரு தடவை மல்டிமீட்டரில் பார்த்துவிடுங்கள். 9 வோல்ட் என்று போட்டிருக்கும். பெடல் மாட்டாமல் அளந்தால் 12, 13 காட்டும். வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட் உள்ளே இல்லை என்று அர்த்தம். ஜெனரேட்டர் ஏறி இறங்கும்போதெல்லாம் இந்த அடாப்டரும் கூடவே ஏறி இறங்கும்.

இன்னொன்று நம் பகுதிக்கென்றே சொல்ல வேண்டியது. இங்கே பல வீடுகளில் யாராவது ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறார். விடுமுறைக்கு வரும் மாமாவிடமோ சித்தப்பாவிடமோ பெடலும் பவர் சப்ளையும் வாங்கிவரச் சொல்வோம். வளைகுடா நாடுகளிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருபவை பெரும்பாலும் நம் மின்சாரத்துக்குப் பொருந்தும். அமெரிக்காவிலிருந்து வந்தால் முதுகைப் படிக்காமல் சொருகாதீர்கள். 100–240 வோல்ட் என்றிருந்தால் பின்னை மாற்றி மாட்டிக்கொள்ளலாம். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் இங்கே சொருகிய நொடியில் உள்ளிருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் காலி. வூடூ லேப் நிறுவனத்தின் பெடல் பவர் 2 பிளஸ் நல்ல பெயருள்ள சப்ளை. ஆனால் அதை நாட்டுக்கு நாடு வேறு வோல்ட்டில் விற்கிறார்கள்.

ஒரே வயரில் கோத்தால் என்ன ஆகும்

ஒரே அடாப்டரிலிருந்து ஐந்தாறு பின்கள் தொங்கும் வயருக்கு டெய்சி செயின் என்று பெயர். ட்ரூடோனின் ஒன் ஸ்பாட் இதில் பிரபலம். 1700 மில்லி ஆம்பியர் தரும், 100 முதல் 240 வோல்ட் வரை எந்த மின்சாரத்திலும் ஓடும். மூன்று நான்கு அனலாக் பெடல் மட்டும் வைத்திருப்பவருக்கு இது தாராளமாகப் போதும், கூடுதல் செலவு வேண்டாம். டிஜிட்டல் பெடல் ஒன்று அதே வயரில் சேரும்போதுதான் கீச்சென்ற மெல்லிய ஊளை கிளம்பும். அதன் உள்ளே ஓடும் கடிகாரத் துடிப்பு, பொதுவான எர்த் வழியாக மற்றப் பெடல்களுக்குள் ஏறுகிறது. பழைய ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் போட்ட சில ஃபஸ் பெடல்களில் பாசிட்டிவ் முனையே எர்த். அப்படிப்பட்ட ஒன்றை மற்றவற்றோடு ஒரே வயரில் கோத்தால் சப்ளை ஷார்ட் ஆகிவிடும்.

இதற்குத் தீர்வு, ஒவ்வொரு வாயும் மற்றதோடு தொடர்பில்லாமல் தனித்தனியாகக் கரண்டு கொடுக்கும் ஐசொலேட்டட் சப்ளை. ஸ்ட்ரைமன் ஓஜாய் ஐந்து வாய், ஒவ்வொன்றும் 500 மில்லி ஆம்பியர். சியோக்ஸ் டிசி7 ஏழு வாய். விலை கூடுதல்தான், ஆனால் பெடல்கள் மாறினாலும் சப்ளை மாறாது. மலிவு விலையில் இணையத்தில் விற்பவற்றில் பல, பெட்டிமேல் ஐசொலேட்டட் என்று அச்சிட்டிருந்தாலும் உள்ளே எல்லா வாயும் ஒன்றாகவே இணைந்திருக்கும். கடையிலேயே சோதித்துவிடலாம். சப்ளையைக் கரண்டில் மாட்டாதீர்கள். இரண்டு வாய்களில் வயரைச் சொருகுங்கள். மல்டிமீட்டரை பீப் சத்தம் வரும் கண்டினியூட்டிக்குத் திருப்பி, ஒரு முள்ளை முதல் பின்னின் உள்துளையிலும் இன்னொரு முள்ளை இரண்டாவது பின்னின் உள்துளையிலும் வையுங்கள். பீப் அடித்தால் அது பல வாய் வைத்த டெய்சி செயின். அந்த விலையைத்தான் அதற்குக் கொடுக்க வேண்டும்.

கொடைப் பந்தலில்

மேடையில் ஏறியதும் முதல் வேலை, கரண்டு எங்கிருந்து வருகிறது என்று கேட்பது. சீரியல் செட்டும் மேடையின் பார் லைட்டும் ஓடுகிற லைனில் பெடலை மாட்டக்கூடாது. விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர்கள் ஜர்ரென்ற இரைச்சலைக் கிளப்பும். மைக் செட்காரரிடம், "அண்ணாச்சி, மிக்ஸருக்குப் போற பாக்ஸ்லயே எனக்கும் ஒரு பாயிண்ட் குடுங்க" என்று கேட்டு வாங்குங்கள். மிக்ஸரும் பெடலும் ஒரே இடத்திலிருந்து கரண்டு எடுத்தால், இரண்டு எர்த்துகளுக்கு நடுவே சுற்றி ஓடும் இரைச்சலுக்கு வழியே இல்லாமல் போகும்.

எர்த் விஷயத்தில் நம் மண்ணே நமக்கு எதிரி. திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துச் செம்மணல் தேரியில் ஈரம் நிற்பதில்லை. காய்ந்த மணல் மின்சாரத்தைச் சரியாக உள்வாங்காது. வீட்டிலோ ஆலயத்திலோ எர்த் குழியில் கரியும் உப்பும் போட்டு, கோடையில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றி வைத்தால்தான் எர்த் வேலை செய்யும். பந்தல் ஜெனரேட்டருக்கு எர்த் கம்பி அடித்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். பாடிக்கொண்டே வாசிக்கிறவர்கள் இதில் கவனமாக இருந்தே ஆக வேண்டும். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முள்ளைக் கிட்டார் கம்பியிலும் மற்றதை மைக்கின் இரும்பு வலையிலும் தொட்டுப் பாருங்கள். சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால் மைக்கில் வாய் வைக்காதீர்கள். மைக் செட்காரர் சரிசெய்யும்வரை காத்திருங்கள். இரைச்சல் போகிறதே என்று மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை ஒடிப்பவர்களும் அதில் டேப் சுற்றுபவர்களும் இருக்கிறார்கள். அதைச் செய்யவே செய்யாதீர்கள். உயிரைக் காக்கும் முள் அது. இரைச்சலுக்கு, பேஸின் சிக்னலை மிக்ஸருக்கு அனுப்பும் டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் என்ற பட்டன் இருக்கிறது. அது சிக்னல் வயரின் எர்த்தை மட்டும் துண்டிக்கும், கரண்டின் எர்த்தைத் தொடாது.

நம் ஊர் நிலைமைக்கு மிகவும் பொருந்துகிற இன்னொரு வழி, பவர் பேங்க். மெயின் லைனோடு தொடர்பே இல்லாததால், அடாப்டர் வழியாக வரும் இரைச்சலுக்கு இடமில்லை. யுஎஸ்பி-சி பிடி வசதியுள்ள பவர் பேங்க் கேட்டால் 9 வோல்ட்டும் கொடுக்கும். அதைக் கேட்டு வாங்கும் டிரிகர் கேபிள் ஒன்று வேண்டும். கரண்டு போனாலும் இன்டர்நெட் ஓட வேண்டும் என்று ரவுட்டருக்காக விற்கும் கேபிளை எடுக்காதீர்கள். அது 5 வோல்ட்டை உள்ளேயே ஏற்றித் தருவது, ஊளையிடும். எந்தக் கேபிள் வாங்கினாலும் நடுமுனை பாசிட்டிவாக இருக்கவே வாய்ப்பு அதிகம், முனை மாற்றும் சின்ன வயர் ஒன்றைக் கூடவே வாங்குங்கள். 10,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்கில் சுமார் 37 வாட்-மணி இருக்கிறது. 500 மில்லி ஆம்பியர் இழுக்கும் பெடல்போர்டுக்கு, இழப்பு போக, ஆறு மணி நேரம் தாங்கும். ஒரு கச்சேரிக்கு அது போதும். ஒரேயொரு டியூனரை மட்டும் மாட்டினால் சில பவர் பேங்குகள், போன் சார்ஜ் முடிந்துவிட்டது என்று நினைத்து அணைந்துவிடும். வாங்கும் முன் உங்கள் பெடலோடு அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள்.

சதுரமான 9 வோல்ட் பேட்டரியும் சுத்தமான கரண்டுதான். நல்ல அல்கலைன் பேட்டரி 20 மில்லி ஆம்பியர் பெடலை 25 மணி நேரம் ஓட்டும். 200 கேட்கும் டிஜிட்டல் பெடலில் இரண்டு மணி நேரம் தாண்டுவதே கஷ்டம். பெடலின் இன்புட் ஜாக்கில் வயர் சொருகியிருக்கும்வரை பேட்டரி கரையும். ஆக்டிவ் பேஸும் அப்படியே. வாசித்து முடித்ததும் வயரை உருவிவிடுங்கள்.

எந்தப் பெடல் முதலில்

நம் மேடைகளில் கேட்கப்படுவது என்ன என்று யோசித்தால் பதில் கிடைத்துவிடும். மெல்லிசைக் குழு என்றால் இளையராஜா பாட்டு இல்லாமல் ராத்திரி நகராது. அந்தப் பாடல்களில் சசிதரன் வாசித்த பேஸும், ஏ.ஆர். ரஹ்மானிடம் கீத் பீட்டர்ஸ் வாசித்த பேஸும் காதில் நிற்பது உருண்டையான, தெளிவான சத்தத்தால். ஸ்வரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதுதான் அங்கே அழகு. அதைக் கூட்டத்தின் கடைசி வரிசைவரை கொண்டுபோகிற சாமானை முதலில் வாங்குங்கள்.

டியூனர் பெடல் ஒன்று கட்டாயம். பாட்டுக்கு நடுவில் சத்தத்தை முழுதாக அடைக்கும் சுவிட்சும் அதுவேதான். பாஸ் டியூ-3 பல வருடம் உழைக்கும்.

அடுத்தது பிரீஆம்ப் கலந்த டிஐ. இதற்குப் பணம் செலவழிக்கத் தயங்காதீர்கள். பேஸிலிருந்து வரும் பலவீனமான சிக்னலை இது பலப்படுத்தி, எக்ஸ்எல்ஆர் வயரில் பேலன்ஸ்டாக மிக்ஸருக்கு அனுப்பும். முப்பது மீட்டர் வயர் ஓடினாலும் இரைச்சல் ஏறாது. நம் மேடையில் இல்லாத ஆம்பின் குணத்தையும் இதுவே தரும். டெக் 21 நிறுவனத்தின் சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவர் டிஐ இந்த வகையில் முன்னோடி. மிக்ஸரிலிருந்து வரும் 48 வோல்ட் பேண்டம் பவரிலேயே ஓடும், அடாப்டரே வேண்டாம். நம் ஊர்க் கரண்டில் இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது ஒரு கொடை வாசித்தால் தெரியும். எல்லா டிஐ-யும் பேண்டமில் ஓடாது, கையேட்டைப் பாருங்கள். அவ்வளவு பணம் இப்போது இல்லை என்றால் பெரிங்கர் பிடிஐ21-இல் தொடங்கலாம். உடல் பிளாஸ்டிக், மிதிக்கும்போது பக்குவம் வேண்டும்.

மூன்றாவதாக ஓவர்டிரைவ் என்று சொன்னால் ஆலயத்தில் வாசிப்பவர்கள் முகம் சுளிக்கலாம். ராக் இசைக்காக இதைச் சொல்லவில்லை. பனைமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் ஏறக்குறைய 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒன்றையும் பேசாது. உங்கள் 41 ஹெர்ட்ஸ் ஈ அதில் வரவே வராது. வருவது அதன் மேல்சுரங்கள் மட்டும். அந்த மேல்சுரங்களின் இடைவெளியை வைத்துக் காது அடிச்சுரத்தைத் தானே ஊகித்துக்கொள்ளும். ஓவர்டிரைவை மிகக் கொஞ்சமாக, கேட்டும் கேட்காததுமாக வைத்தால் அந்த மேல்சுரங்கள் தடிக்கும். பாக்ஸ் ஸ்பீக்கர் இல்லாமல் குழாய் மட்டும் கட்டிய தெருவிலும் பேஸ் ஓரளவு காதில் விழும்.

அதற்கு லீட் கிட்டாருக்கான பெடலை எடுக்கக்கூடாது. உதாரணத்துக்கு ஐபனேஸ் டியூப் ஸ்க்ரீமரைப் பாருங்கள். அதன் ஊக்கத்தை முடிவுசெய்யும் இடத்தில் 4.7 கிலோ-ஓம் ரெசிஸ்டரும் 0.047 மைக்ரோ-ஃபாரட் கெப்பாசிட்டரும் இருக்கின்றன. கணக்குப் போட்டால் 720 ஹெர்ட்ஸ் வரும். அதற்குக் கீழே போகப்போக ஊக்கம் குறையும். 24 ஃப்ரெட் பேஸின் உச்சியில் இருக்கும் ஜி-யே 392 ஹெர்ட்ஸ்தான். பேஸின் அத்தனை ஸ்வரங்களுக்கும் அடிச்சுரம் அந்தக் கோட்டுக்குக் கீழே விழுந்துவிடுகிறது, சத்தம் மெலிகிறது. பேஸுக்கென்றே செய்த ஓவர்டிரைவில், ஊக்கிய சத்தத்தோடு உங்கள் சொந்தச் சத்தத்தையும் கலக்கும் பிளெண்ட் அல்லது பேலன்ஸ் குமிழ் இருக்கும். பாஸ் ஓடிபி-3, பின்லாந்தின் டார்க்கிளாஸ் செய்யும் பெடல்கள் எல்லாம் அப்படித்தான். அந்தக் குமிழ் இல்லாத ஓவர்டிரைவை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், விட்டுவிடுங்கள்.

கம்ப்ரஸர் வாங்கலாம், அவசரம் இல்லை. விரல் சமமாகப் பழகும்வரை அது குறையை மறைக்கும், திருத்தாது. வாங்கினால் எவ்வளவு அமுக்குகிறது என்று விளக்குகளில் காட்டும் எம்எக்ஸ்ஆர் எம்87 போன்றதை வாங்குங்கள். கோரஸ் தேவைப்பட்டால், தாழ்ந்த சத்தத்தை ஆடவிடாமல் நிறுத்தும் லோ ஃபில்டர் குமிழ் உள்ள பாஸ் சிஇபி-3. ஆக்டேவ் பெடல் ஈ கம்பிக்கு ஒரு ஸ்தாயி கீழே போனால் 20 ஹெர்ட்ஸ்; அதைப் பேசும் ஸ்பீக்கர் நம் பக்கம் எந்தப் பந்தலிலும் கட்டியிருக்காது. ரிவெர்ப் வேண்டாம். இடையன்குடியில் கால்டுவெல் கட்டி 1880-இல் பிரதிஷ்டை செய்த பரிசுத்த திரித்துவ ஆலயம் போன்ற உயர்ந்த கூரையும் கனத்த சுவரும் உள்ள இடங்களில், தாழ்ந்த ஸ்வரம் ஏற்கெனவே அடங்க நேரம் எடுக்கும். அங்கே செய்ய வேண்டியது ஸ்வரங்களைக் கொஞ்சம் சீக்கிரம் நிறுத்தி வாசிப்பது.

முதல் தடவையாக வாங்கும் மாணவருக்கு, இவை எதையும் தனித்தனியாக வாங்காமல் ஜூம் பி1 ஃபோர் அல்லது பாஸ் ஜிடி-1பி போன்ற மல்டி எஃபெக்ட்ஸ் ஒன்றைச் சிபாரிசு செய்வேன். இரண்டும் சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் ஏஏ பேட்டரி நான்கில் ஓடும். டியூனர், கம்ப்ரஸர், ஓவர்டிரைவ் எல்லாம் உள்ளேயே இருப்பதால், எது தனக்கு உண்மையில் வேண்டும் என்று ஒரு வருடம் வாசித்தே தெரிந்துகொள்ளலாம். ஒரு டிஐ பாக்ஸ் மட்டும் கூடச் சேர்த்தால் ஆலயத்துக்கு அது போதும்.

வாங்கப் போகும்போது சொந்த பேஸைக் கையில் எடுத்துப் போங்கள். திருநெல்வேலி, நாகர்கோவில், மதுரைக் கடைகளில் கேட்டது கிடைக்காவிட்டால் சென்னை அண்ணா சாலையில், 1842-இல் தொடங்கிய மியூசி மியூசிகல் இருக்கிறது. கடையின் சின்னப் பிராக்டிஸ் ஆம்பில் கேட்டு முடிவெடுக்காதீர்கள், பேஸின் பாதிச் சத்தம் அதில் வராது. காதை மூடும் நல்ல ஹெட்ஃபோனை மிக்ஸரில் மாட்டிக் கேளுங்கள். பழைய பெடல் என்றால் ஜாக்கையும் அடாப்டர் வாயையும் விரலால் மெல்ல அசைத்துப் பாருங்கள், கரகரவென்றால் உள்ளே சால்டர் விட்டிருக்கிறது. உவரிப் பக்கம் வாசித்த சாமான் என்றால் பேட்டரி மூடியைத் திறந்து ஸ்பிரிங்கில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். கடற்காற்றில் நீங்கள் வாசித்துவிட்டு வந்தாலும் அன்றைக்கே வயர் முனைகளை உலர்ந்த துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் போட்டு மூடுங்கள். ஜாக்குக்குள் கான்டாக்ட் கிளீனர் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை போதும். அடித்த பிறகு வயரை ஏழெட்டுத் தடவை சொருகி உருவி, காய்ந்த பிறகே கரண்டு கொடுங்கள்.